சாயங்காலம் வரை காத்திருந்தவள்

சென்னைக்குப் போகிறேன் என்றதும் எங்கள் சபைப் பெண்கள் ஆளுக்கொரு பட்டியல் கொடுத்தார்கள். பருத்தி நைட்டி, வடகம், கவரிங் வளையல், சீயக்காய்த் தூள். எல்லாப் பட்டியலையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். எதற்காகப் போகிறேன் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. மலேசியாவில், எங்கள் ஊரான ஈப்போவில், என் கணவர் ஒருவருக்குத்தான் அது தெரியும்.

“தேடிக் கிடைக்கலைன்னா?” என்று அவர் கேட்டார்.

“கிடைக்கிற வரைக்கும் தேடுவேன்.”

“திரும்பி வர்ற டிக்கெட்டு புதன்கிழமைக்குப் போட்டிருக்கு,” என்றார்.

இரண்டு மாதத்துக்கு முன்பு எங்கள் ஆலயத்தின் திடப்படுத்தல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். தலைப்பு கிருபை. பத்து வருடமாக எடுக்கும் பாடம்தான். தகுதியில்லாதவருக்குக் கடவுள் இலவசமாகக் கொடுக்கும் தயவு என்று பலகையில் எழுதினேன். ஒரு பெண் கையைத் தூக்கி, “ஆன்ட்டி, உங்களுக்கு அப்படி என்ன பெருசா மன்னிச்சார்?” என்று கேட்டாள். அவள் கிண்டலுக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். சின்ன வயதில் பக்கத்து மேசைக்காரியின் வண்ணப் பென்சிலை எடுத்த கதையைச் சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் நின்று அழுதேன்.

சொல்லாமல் விட்டது இதுதான். இருபத்துநான்கு வருடத்துக்கு முன், அடையாறுப் பக்கம் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் படித்தேன். பதிவெண் வரிசையில் ஜெயராணி என்ற எனக்கு அடுத்தவள் கலைவாணி. சிந்தாதிரிப்பேட்டையில் கூவத்தை ஒட்டிய குடிசையிலிருந்து வந்தவள். அவள் தெருவில் கல்லூரிக்குப் போன முதல் பெண். எனக்குப் புள்ளியியல் வராது, அவளுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. கடைசி ஆண்டில் என் அப்பா இறந்துபோனார். ஊருக்குப் போய்த் திரும்பியதில் ஒரு மாதப் பாடம் கைவிட்டுப் போயிற்று. கலைவாணிதான் கேன்டீன் பெஞ்சில் உட்கார வைத்து ஒவ்வொரு கணக்காகச் சொல்லித் தந்தாள்.

அப்படியும் பயம் போகவில்லை. சூத்திரங்களைச் சின்னத் தாளில் எழுதித் தேர்வு அறைக்குள் எடுத்துப் போனேன். பிட் என்பார்கள் சென்னையில். பாதித் தேர்வில் அது என் கையிலிருந்து நழுவி, மின்விசிறிக் காற்றில் கலைவாணியின் காலடியில் போய் விழுந்தது. கண்காணிப்பாளர் எடுத்தார். அவளை எழுப்பினார். “என்னுது இல்ல சார்,” என்றாள் அவள். நான் தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு அந்த ஆண்டுத் தேர்வு முழுவதும் ரத்தாயிற்று. மறு ஆண்டு எழுதலாம் என்றார்கள். அவள் அந்தப் பக்கம் வரவே இல்லை என்று பிற்பாடு யாரோ சொன்னார்கள். நான் பட்டம் வாங்கி, ஊர் போய், ஆசிரியை ஆகி, கிருபையைப் பற்றிப் பாடம் எடுக்கத் தொடங்கினேன்.

வியாழக்கிழமை மயிலாப்பூரில் வந்து இறங்கினேன். மெட்ரோ வேலைக்கு அடைத்த தகரத் தடுப்புகளுக்கு நடுவே ஆட்டோ புகுந்து புகுந்து போனது. ஈப்போவில் ஒரு வருடத்தில் கேட்கும் ஹாரன் ஒலியை லஸ் முனையிலேயே கேட்டு முடித்தேன். விடுதியின் கீழே ஒரு சின்ன மெஸ். மறுநாள் காலை அங்கே இட்லி வைத்த அம்மாவிடம், எங்கள் ஊர் வழக்கப்படி, “நீங்க பசியாறியாச்சா?” என்றேன். அவர் கரண்டியோடு நின்று என்னைப் பார்த்தார்.

“எங்காத்துல இந்த வார்த்தையக் கேட்டு எத்தனை நாளாச்சு! டிபன் ஆச்சான்னு கேக்கக்கூட இப்ப ஆளில்லை,” என்று ஒரு வடையையும் வைத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை.

சிந்தாதிரிப்பேட்டைக்குப் போக நின்றவள், எதிர்த்திசைப் பேருந்தில் ஏறிவிட்டேன். நடத்துநர் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். பணத்தை நீட்டினேன்.

“பொம்பளைங்களுக்கு ஃப்ரீமா.”

“நான் இந்த ஊர் இல்லைங்க. வெளிநாடு.”

“எந்த ஊர்னு பாத்துக் குடுக்கச் சொல்லலமா. புடிங்க.”

அடடா, பாடத்துக்கு நல்ல உதாரணம் என்று கைப்பேசியில் குறித்துக்கொண்டேன். தலை நிமிர்ந்தபோது திருவான்மியூர் பேருந்து நிலையம் வந்திருந்தது. ஒரு மணி நேரத்தைத் தொலைத்துவிட்டு வந்த வழியே திரும்பினேன். திரும்பும்போது இறங்கிவிடலாமா, மருந்தீஸ்வரர் கோயிலையும் கடற்கரையையும் பார்த்துவிட்டு அறைக்குப் போய்விடலாமா என்று மனம் கேட்டது. வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு இருக்கையின் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

கூவத்தின் ஓரத்தில் குடிசைகளே இல்லை. கரை நெடுகக் கம்பிவேலி. நான் படிக்கும் நாளில் ஒரு முறை அவள் வீட்டுக்கு வந்து முட்டைதோசை தின்றிருக்கிறேன். எந்த இடம் என்றுகூட அடையாளம் தெரியவில்லை. அச்சகங்களும் இரும்புக் கடைகளும் நெருக்கியடித்த தெருவில், தள்ளுவண்டியில் மதியச் சாப்பாடு விற்ற ஒரு பெண்ணிடம் கேட்டேன். அறுபது வயதிருக்கும்.

“அவங்கள எல்லாம் தூக்கினு போயி ஊருக்கு வெளிய போட்டாங்களே, எத்தினி வருஷமாச்சு,” என்றார். “பேரு இன்னா சொன்ன? கலைவாணியா? காலேஜி போச்சே, அதுவா? பிட்டு அடிச்சு மாட்டிக்கிச்சே?”

வாங்கிய எலுமிச்சை சாதத்தை வண்டியின் விளிம்பில் வைத்தேன். இந்தத் தெருவில் அவள் அடையாளமே அதுதான். மற்ற எதுவும் ஞாபகமில்லை, அது மட்டும் நினைவிருக்கிறது.

“அவ அடிக்கலக்கா. அந்தப் பிட்டு என்னுது,” என்றேன்.

வாழ்க்கையில் முதல் முறையாக அந்த வாக்கியத்தை வாய்விட்டுச் சொன்னேன். அவர் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த கை நின்றது. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அத்த என்னாண்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? அதாண்ட போயி சொல்லு. தி.நகர்ல பெரிய துணிக்கடைல நிக்குது. பொங்கலுக்கு எம்மருமவளுக்கு அதுதான் பொடவை எடுத்துப் போட்டுச்சு. பட்டு செக்சனு.” கடையின் பெயரையும் சொன்னார்.

சனிக்கிழமை தி.நகரில், பனகல் பூங்காவிலிருந்து அந்தக் கடை வரைக்கும் நடந்தேன் என்று சொல்ல முடியாது; கூட்டம் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. மூன்றாவது மாடியில் பட்டுப் பிரிவு. வரிசையாக மெத்தை விரித்த மேடைகள். ஒவ்வொரு மேடைக்கும் பின்னால் ஒரே நிறப் புடவையில் ஒரு பெண். நான்காவது மேடையில் அவள் நின்றாள். உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது, காதோரம் நரை. ஆனால் புருவத்தைச் சுருக்கி எதிராளியைப் பார்க்கும் பார்வை அப்படியே இருந்தது. கணக்கு தப்பாக வந்தால் என்னை அப்படித்தான் பார்ப்பாள்.

“வாங்க மேடம், கல்யாணத்துக்கா?” என்றவள் பாதியில் நிறுத்தினாள். “மலேசியா?”

கல்லூரியில் எல்லாரும் என்னை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

“உன்கிட்ட பேசணும் கலை. அஞ்சு நிமிஷம் வெளியே வர முடியுமா?”

அவள் சட்டென்று ஒரு புடவையை எடுத்து என் முன்னால் விரித்தாள். “பொடவை பாக்கற மாதிரி ஒக்காரு. சூப்பர்வைசர் பாத்துகினு கீறாரு,” என்றாள் உதடு அசையாமல். பிறகு சத்தமாக, “இது சாஃப்ட் சில்க் மேடம், எடையே இருக்காது. முந்தானை பாருங்க.”

ஈப்போவிலிருந்து கிளம்பும்போது நான் மனதில் எழுதி வைத்திருந்த வார்த்தைகள் எதுவும் உதவவில்லை. மாம்பழ மஞ்சள் புடவை ஒன்றின் கரையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். “அன்னைக்கு அந்தப் பிட்டு என்னுது. என் கையிலிருந்துதான் விழுந்துச்சு. உன்னை எழுப்புனப்ப நான் பேசாம இருந்துட்டேன்.”

அவள் அந்தப் புடவையை மடித்தாள். இன்னொன்றை உதறி விரித்தாள். அடர் பச்சை.

“தெரியும்,” என்றாள்.

“என்னது?”

“தெரியும்ன்றேன். அந்த சார் பிட்ட என் மூஞ்சிக்கு நேரா புடிச்சாரு. ஏழுக்கு நடுவுல குறுக்க கோடு போட்டிருந்துச்சு. நம்ம க்ளாஸ்ல அப்பிடி ஏழு போடறது நீ ஒருத்திதான்.” குரலை உயர்த்தினாள். “இது பியூர் ஜரி மேடம், கேரண்டி உண்டு.”

அந்த ஒரு கோட்டை அவள் காட்டியிருந்தால் போதும். என் விடைத்தாளில் இருந்த ஏழையும் பிட்டில் இருந்த ஏழையும் பக்கத்தில் வைத்தால் விஷயம் முடிந்திருக்கும்.

“ஏன் சொல்லலை கலை?”

“உங்கப்பா செத்து ரெண்டு மாசங்கூட ஆவல. நீ சரியா சோறு துன்னல. நான் சொல்லியிருந்தா உன்ன பிளேன்ல ஏத்தி அனுப்பியிருப்பாங்க.” பச்சையை மடித்துக்கொண்டே பேசினாள். “நீயே சொல்லுவேன்னு நெனச்சேன். சாயங்காலத்துக்குள்ள பிரின்சிபால் ரூமாண்ட வந்து சொல்லிடுவேன்னு கேட்டாண்டயே நின்னேன். சாயங்காலம் ஆச்சு. சரி, நாளைக்கின்னு நெனச்சேன். அப்புறம் நானே போயி சொல்லலாம்னா, கோட்டக் காட்டுன்னு சொன்னா பிட்டு எங்க இருக்கோ, யாரு நம்பறது? வுட்டுட்டேன்.”

கண்ணீர் பச்சைக் கரையில் விழாமல் இருக்க முந்தானையால் பிடித்துக்கொண்டேன். பக்கத்து மேடையில் இரண்டு பெண்கள் மலாய் மொழியில் பேசிக்கொண்டார்கள், எங்கள் ஊர்க்காரர்கள்தான். “பாவம், விலையைக் கேட்டு அழுகிறாள் போலிருக்கிறது,” என்றாள் ஒருத்தி. “நாம் இன்னும் விலை கேட்கவே இல்லையே,” என்றாள் மற்றவள். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

“உன்கிட்ட மன்னிப்புக் கேட்க வந்தேன்,” என்றேன்.

“இங்க நின்னுகினு அதெல்லாம் சொல்ல முடியாது.” கலைவாணி என்னை நேராகப் பார்த்தாள். “உண்மையிலயே எதுனா செய்யணும்னா ஒண்ணு செய். எங்கம்மா இன்னும் நான் பிட்டு அடிச்சேன்னுதான் நெனச்சுகினு கீது. பட்டினப்பாக்கத்துல தங்கச்சி வூட்ல கீது. செவ்வாக்கிழமை எனக்கு லீவு. வந்து அதாண்ட சொல்லு.”

“வரேன்.”

“அன்னிக்கும் நீ வருவேன்னுதான் நெனச்சேன்,” என்றாள். பிறகு, “ஒரு பொடவை எடுத்துடு. இவ்ளோ நேரம் காட்டிட்டு பில்லு போடலன்னா என்னக் கேப்பாங்க.”

கையில் எது இருந்ததோ அதை எடுத்தேன். நாவல்பழ நிறம். எனக்குச் சற்றும் பொருந்தாத நிறம்.

ஞாயிறு, அடையாறில் ஒரு சின்ன ஆலயத்துக்குப் போனேன். மின்விசிறிகள் எங்கள் ஊர் ஆலயத்தைவிட இரண்டு மடங்கு, பாட்டுச் சத்தமும் அப்படியே. ஆராதனை முடிந்து வெளியே தேநீர் குடிக்கும்போது, பக்கத்தில் நின்ற வயதான ஐயா எங்கிருந்து வருகிறேன் என்று விசாரித்தார். முகம் கனிவாக இருந்தது. பெயர்கள் இல்லாமல் விஷயத்தைச் சொன்னேன். செவ்வாய்க்கிழமையை நினைத்தால் பயமாக இருக்கிறது என்றும் சொன்னேன்.

“அம்மா, ஆண்டவர் அதையெல்லாம் சிலுவையிலே சுமந்து தீர்த்துட்டார். முடிஞ்சதைக் கிளறாதீங்க. சமாதானமா ஊருக்குப் போங்க,” என்றார்.

அவர் சொன்னது தப்பில்லை. நான் விசுவாசிப்பதும் அதையேதான். ஆனால் அதே வாக்கியத்தை இருபத்துநான்கு வருடம் திரைச்சீலைபோலத் தொங்கவிட்டு, அதன் பின்னால் நான் நின்றிருக்கிறேன். கிருபை எனக்கு இலவசம் என்று சொல்லும்போதெல்லாம் அதன் விலையைச் சுமந்தவர் ஒருவர் உண்டு என்பதை வாய் சொன்னது. மனம் அங்கே நிற்கவில்லை. நேற்று அந்த மேடைக்குப் பின்னால், நாள் முழுவதும் நின்று கால் வீங்கியவளைப் பார்த்த பிறகு இலவசம் என்ற சொல் லேசாக வாயில் வரவில்லை. பேருந்து உதாரணத்தைக் கைப்பேசியிலிருந்து அழித்தேன். ஐயாவுக்கு நன்றி சொன்னேன். போகத்தான் போகிறேன் என்றும் சொன்னேன்.

“அப்ப உங்க பேரைச் சொல்லுங்க. செவ்வாய்க்கிழமை ஜெபத்துல வெச்சுக்கிறேன்,” என்றார்.

திங்கட்கிழமை என் பழைய கல்லூரிக்குப் போனேன். வழியில் ஆட்டோ பஞ்சர். ஓட்டுநர் மாற்றுச் சக்கரத்தைப் போட, நான் என் குடையை அவர் தலைக்குப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றேன். அலுவலகத்தில் ஏறக்குறைய என் வயதுப் பெண் ஒருவர் இருந்தார். முன்தினம் எழுதிய கடிதத்தை நீட்டினேன். அன்று பிடிபட்ட பிட்டை எழுதியவள் நான், கலைவாணிக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை என்று தொடங்கும் கடிதம்.

அவர் இரண்டு முறை படித்தார். “மேடம், இது இருபத்தி நாலு வருஷம் முன்னாடி நடந்தது. இதை நான் எந்த ஃபைல்ல வைக்கிறது?”

“எதுலயாவது வைங்க.”

“நடவடிக்கை எதுவும் எடுக்க முடியாது. அப்போ இருந்தவங்க யாருமே இப்ப இல்ல.”

“நடவடிக்கை கேட்கலை. வாங்கிக்கிட்டதா இந்த நகல்ல முத்திரை போட்டுக் கொடுங்க. போதும்.”

“மேலே கேக்கணும்,” என்றார். கேட்டு வரும்வரை காத்திருந்தேன். மதியம் சாப்பிடப் போனார்கள். நான் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மூன்று மணிக்கு அவரே வெளியே வந்து முத்திரை குத்திய நகலைக் கையில் கொடுத்தார். “இதுக்காகவா மலேசியாலருந்து வந்தீங்க?” என்றார். ஆமாம் என்றேன். குடிக்கத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை பட்டினப்பாக்கம். சாலையோரம் மீன் விற்கும் பெண்களின் குரலும், வெட்டும் கத்திச் சத்தமும், உப்புக் காற்றும். கலைவாணி சாலை முனையிலேயே காத்திருந்தாள். நான் ஆட்டோவிலிருந்து இறங்கியதைப் பார்த்ததும் அவள் தோள்கள் தளர்ந்தன. வருவேன் என்று நம்பியிருக்கவில்லை போலிருக்கிறது. அவளுடைய தங்கை ஒரு மீனவர் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள். தங்கையும் கணவரும் வியாபாரத்துக்குப் போயிருந்தார்கள். வீட்டில் அம்மா மட்டும்.

அம்மா தரையில் கால் நீட்டி உட்கார்ந்து நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் நெத்திலியைக் காயவைத்துப் பொரித்துத்தான் தின்போம். இப்படி வெள்ளி மாதிரிப் பச்சையாகப் பார்ப்பது அரிது.

“மா, இவ ஜெயராணி. எங்கூட காலேஜ்ல படிச்சா. உன்னாண்ட ஒண்ணு சொல்ல வந்துகீறா.”

“சொல்லும்மா.”

நான் எதிரே தரையில் உட்கார்ந்தேன். சொன்னேன். கடிதத்தைப் பிரித்து அதையும் படித்துக் காட்டினேன். அம்மாவின் விரல்கள் ஒவ்வொரு நெத்திலியின் தலையாகக் கிள்ளிக்கொண்டே இருந்தன. முடித்ததும், “திருப்பிப் படி,” என்றார். படித்தேன். “அது மேல இருக்கறது இன்னா, காலேஜு சீலா?” என்றார். ஆமாம் என்றேன். மூன்றாவது முறையும் படிக்கச் சொன்னார்.

அதன் பிறகு மகளைப் பார்த்தார். “ஏன்டி என்னாண்ட சொல்லல?”

“சொன்னேம்மா,” என்றாள் கலைவாணி. சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். “அன்னிக்கே சொன்னேன், என்னுது இல்லன்னு. நீ கரண்டிய எடுத்துகினு வந்த.”

அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

“நாலு வூட்ல பாத்திரம் தேச்சு...” என்று அம்மா ஆரம்பித்தார்.

“தெரியும்மா.”

“தெருவே பாத்துகினு இருந்துச்சு.”

“தெரியும்.”

“அடுத்த வாரமே உன்ன துணிக்கடைல கொண்டுபோயி நிக்க வெச்சேன்.”

அம்மா எழ முயன்றார், முழங்கால் ஒத்துழைக்கவில்லை. கலைவாணிதான் போய்ப் பக்கத்தில் குந்தினாள். அம்மா மீன் செதில் ஒட்டிய கையைப் புடவையில் ஒரு முறை துடைத்தார், போதாதென்று இன்னொரு முறை துடைத்தார். பிறகு மகளின் தலையில் வைத்தார். “இந்தக் கையாலதான அடிச்சேன்,” என்றார். நாற்பத்தைந்து வயதுக் கலைவாணி அந்தக் கையின் கீழே அசையாமல் இருந்தாள்.

எனக்கு அங்கே இடமில்லை என்று தோன்றியது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

“எங்க போற?” என்றாள் கலைவாணி, தலையைத் திருப்பாமல். “ஒக்காரு. சொல்லிட்டு ஓடறதுக்கா வந்த?”

“உன்ன இன்னா சொல்றதுன்னே எனக்குத் தெரில,” என்றார் அம்மா என்னிடம். கோபமா, களைப்பா, தெரியவில்லை. “எம்பொண்ணு வாய்க்கையே போச்சு. சரி, வந்துட்ட. சோறு ஆயிடுச்சு. துன்னுட்டுப் போ.”

கிள்ளிய மீனைக் கலைவாணி கொதிக்கும் குழம்பில் போட்டு இறக்கினாள். நெத்திலிக் குழம்பு. புளி தூக்கலாக, பச்சை மிளகாய் கீறிப் போட்டு. அம்மாவே தட்டில் சோற்றைப் போட்டு என் முன்னால் நகர்த்தினார். எனக்குக் கை எழவில்லை. ஆண்டவரைத் தெரியாது என்று மறுதலித்த சீடனை, அதே ஆண்டவர் கரையில் மீன் சுட்டு வைத்துக்கொண்டு சாப்பிடக் கூப்பிட்டதைப் பத்து வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். அந்த மீனை அவன் எப்படி விழுங்கினான் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. தண்டனையாக இருந்தால் வாங்கிக்கொண்டு நிமிர்ந்து போய்விடலாம். கணக்கு நேராகிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். இதை அப்படிச் செய்ய முடியாது. குனிந்து, வாங்கி, வாயில் வைக்க மட்டுமே முடியும். வைத்தேன். முதல் கவளம் இறங்கச் சிரமமாக இருந்தது. இரண்டாவது இறங்கியது.

சாப்பிட்ட பிறகு கலைவாணி என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனாள். வெயில் சாயத் தொடங்கியிருந்தது. ஏற்றி வைத்திருந்த ஒரு படகின் நிழலில் உட்கார்ந்தோம்.

“உங்க சாமி உன்ன மன்னிச்சிடுச்சா?” என்று கேட்டாள்.

“மன்னிச்சிட்டார்.”

“அப்ப என்னாண்ட இன்னாத்துக்கு வந்த?”

வகுப்பில் கேட்டிருந்தால் ஒரு பாராவைச் சொல்லியிருப்பேன். இங்கே கொஞ்ச நேரம் தேட வேண்டியிருந்தது. “மன்னிச்சிட்டார்னு சும்மா சொல்லிக்கிட்டிருந்த வரைக்கும் ஒளிஞ்சுக்கிட்டே இருந்தேன். நிஜமாவே மன்னிச்சிட்டார்னா இனி எதுக்கு ஒளியணும்னு தோணுச்சு. அந்தத் தைரியத்துலதான் வந்தேன்.”

அவள் அதை எடுத்துக்கொண்டாளா, தள்ளினாளா, முகத்தில் தெரியவில்லை. மணலை அள்ளி விட்டாள்.

“நான் இன்னும் முழுசா மன்னிக்கல மலேசியா. பொய் சொல்ல மாட்டேன். ஒரு நாளைக்கு அந்த மனசு இருக்கும், ஒரு நாளைக்கு இருக்காது. கால் வலிச்சா சுத்தமா இருக்காது.”

“சரி,” என்றேன்.

“ஆனா அம்மா இன்னிக்கு தலையத் தொட்டுச்சு,” என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. பிறகு, திடீரென்று, “காலேஜுல போயி அவ்ளோ நேரம் ஒக்காந்தியே, இன்னொண்ணு கேட்டியா? நான் திரும்ப எழுத முடியுமான்னு?”

கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை. என் பெயரை அந்தத் தாளில் எழுதி முத்திரை வாங்கும்வரை நகர மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தவளுக்கு, அவள் இழந்தது என்ன, அது திரும்பக் கிடைக்குமா என்று விசாரிக்கத் தோன்றவில்லை. என் மனச்சாட்சிக்காகத்தான் அந்த பெஞ்சில் அவ்வளவு நேரம் இருந்தேன். செய்த தப்பைச் சொல்ல வந்த இடத்திலும் நான் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது அந்தப் படகு நிழலில் உறைத்தது. அதற்கும் சேர்த்துத்தான் இன்று சோறு போட்டார்கள்.

“கேட்கலை,” என்றேன். “நாளைக்குக் காலையில கேட்போம். ரெண்டு பேரும் போவோம். எனக்குச் சாயந்தரம்தான் விமானம்.”

“எனக்கு பதினோரு மணிக்கு ஷிஃப்ட்டு.”

“பத்து மணிக்குத் திறக்கிறாங்க.”

புதன்கிழமை பத்துக்குக் கால் மணி நேரம் முன்பே நான் கல்லூரி வாசலில் நின்றேன். அவள் இரண்டு பேருந்து மாறி, கடைச் சீருடைப் புடவையிலேயே வந்தாள். உள்ளே நுழையும்போது படியில் ஒரு நொடி நின்றாள். நானும் நின்றேன். பிறகு அவளே முதலில் ஏறினாள்.

அலுவலகப் பெண் என்னைப் பார்த்ததும், “மறுபடியும் கடிதமா மேடம்?” என்றார்.

“இல்லைங்க. ரொம்ப வருஷம் முன்னாடி பாதியில விட்டவங்க பட்டம் முடிக்க வழி இருக்கா?”

பழைய பாடத்திட்டம் போய்விட்டது, விட்ட தாள்களை மட்டும் எழுத முடியாது என்றார். தொலைநிலைக் கல்வியில் முதலிலிருந்து சேரலாம். மூன்று வருடம். ஞாயிறுதோறும் வகுப்பு இருக்கும், வர முடியாதவர்கள் வீட்டிலிருந்தே படிக்கலாம். என்னென்ன சான்றிதழ் வேண்டும் என்று ஒரு தாளில் வரிசையாக எழுதத் தொடங்கினார். கலைவாணி மேசையின் விளிம்பைப் பிடித்தபடி அந்தப் பேனா போகும் வழியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுதி முடித்துவிட்டு அந்தப் பெண் நிமிர்ந்தார். “யாருக்கும்மா? பொண்ணுக்கா?”

நான் வாயைத் திறக்கவில்லை.

“எனக்குத்தான்,” என்றாள் கலைவாணி. “பேரு எழுதிக்கோங்க.”